பீரோவில் வெந்த கண்ணாடி

அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்த இரும்பு பீரோவில் எனக்கு நினைவு தெரிந்து துணி இருந்ததில்லை. அடித்தட்டில் இரண்டு ஹீட்டர் காயில், பின்சுவரில் ஒரு சின்ன ஃபேன். கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்திருந்த இடத்தில், மூடிப்போன ஒரு பேக்கரியின் அடுப்பிலிருந்து கழற்றி வந்த தெர்மாமீட்டர். தட்டுகளையும் லாக்கரையும் பிடுங்கிவிட்டு, உள்பக்கம் முழுக்கக் கண்ணாடிப் பஞ்சு வைத்து அதன்மேல் தகரம் அடித்திருந்தார் மாமா. மிச்சம் வைத்தது சட்டை மாட்டும் கம்பியை மட்டும்தான்.

"என் பீரோவ அடுப்பாக்கிட்டான்" என்று அம்மா சொல்லாத விசேஷ வீடு எங்கள் சொந்தத்தில் கிடையாது. மாமா அசரமாட்டார். "நீ சட்டைய மாட்டுவ, நான் ஷீட்ட மாட்றேன். வேற இன்னாக்கா வித்தியாசம்?"

மாமா அம்மாவின் தம்பி. சென்னையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் பல வருஷம் அக்ரிலிக் வேலை பார்த்தவர். பட்டறை மூடியதும் ஊருக்கே வந்துவிட்டார். எங்கள் ஊர் அடி அண்ணாமலை. திருவண்ணாமலை டவுனுக்கு மலையின் மறுபக்கம், கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. பதினான்கு கிலோமீட்டர் சுற்றுகிறவர்கள் பாதிக்கு மேல் நடந்து கால் வலிக்க ஆரம்பித்த பிறகு வந்து சேரும் இடம். ஆதி அண்ணாமலையாரைக் கும்பிட்டு, திண்ணை கண்ட இடத்தில் உட்கார்ந்து, டீ குடித்து, மாணிக்கவாசகர் கோயில் எங்கே என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அக்ரிலிக் வேலைக்கு வாடிக்கை கிடைக்கிற ஊரா இது என்று அப்பா கேட்டதற்கு மாமா சொன்ன பதில்: "பௌர்ணமிக்குப் பௌர்ணமி இத்தன லட்சம் பேரு நடக்கிறாங்க. அதுல ஒருத்தனுக்காவது வளைஞ்ச கண்ணாடி வேணாமா?"

வேண்டியிருந்தது. முதலில் வந்தவை இனிப்புக் கடை கவுண்டர்கள். முன்பக்கம் வளைந்து இறங்கும் கண்ணாடியை டவுனில் ஆர்டர் கொடுத்தால் வருவதற்கு நாளாகும், லாரியில் வரும்போதே உடையும். அக்ரிலிக் எடை கண்ணாடியில் பாதிதான், கல் பட்டால் சிதறாது. மாமா அதை வீட்டுப் பின்பக்கம், மாடு விற்ற பிறகு காலியாகக் கிடந்த கொட்டகையில் வளைத்துக் கொடுத்தார். இந்த வேலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பக்கம் மட்டும் வளைவு. தார் டின்னைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்துப்போட்டு அதன்மேல் துணி விரித்தால் அதுவே அச்சு. வருமானம் வந்தது இதில்தான். ஆனால் மாமாவுக்குக் கவுண்டர் சலிப்பு. ரசகுல்லாவைப் பார்க்கத்தானே அது, அதில் கண்ணாடியைப் பார்க்கிறவன் யார் என்பார். அதைச் சலிப்போடு சொல்கிறாரா, பெருமையாகச் சொல்கிறாரா என்று சிறுமியாக இருந்த எனக்குப் பிடிபடவில்லை.

ஷீட் பாரிமுனையிலிருந்து வரும். எட்டுக்கு நாலு அடி, இரு பக்கமும் பழுப்புக் காகிதம் ஒட்டியது, பஸ் டாப்பில் கயிறு கட்டி. இறக்கியதும் மாமா ஓரத்தில் விரல் நீளம் ஒரு துண்டை அறுத்தெடுத்து, அளவு குறித்துக்கொண்டு பீரோவில் போடுவார். அக்ரிலிக் ஷீட்டில் இரண்டு வகை. இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவே திரவமாக ஊற்றி இறுகவைத்தது ஒன்று, மெஷினில் உருக்கிப் பிதுக்கி இழுத்தது இன்னொன்று. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. இழுத்த ஷீட் விலை குறைவு என்பதால், வார்த்த ஷீட் என்று சொல்லி அதைத் தள்ளிவிடுகிற கடைகளும் உண்டு. சூடு ஏறினால் குட்டு வெளிப்பட்டுவிடும். வார்த்தது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்கும், நூற்றுக்கு இரண்டு பங்கு போல. இழுத்தது இழுத்த திசையில் அதிகமாகச் சுருங்கும். அறுக்கும்போதே தெரியும் என்றும் மாமா சொல்வார். வார்த்த ஷீட்டின் தூள் பொலபொலவென்று உதிரும், மற்றது ரம்பப் பல்லில் ஒட்டிக்கொண்டு வரும். சுருங்குவதற்கு இடம் விட்டுத்தான் வெட்டவேண்டும். நாலடி ஷீட்டுக்கு ஓர் அங்குலம் கூடுதல்.

வெட்டியதும் காகிதத்தை உரித்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, பழைய பனியன் துணியால் ஒற்றுவோம். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் ஷீட்டில் மின்சாரம் ஏறி, கொட்டகையின் தூசியெல்லாம் அதன்மேல் வந்து உட்காரும். அப்படி உட்கார்ந்த ஒரு தூசி, சூட்டில் இளகிய பரப்பில் அழுந்தினால் அழிக்கமுடியாத புள்ளி. கொட்டகையில் தண்ணீர் தெளிப்பது என் வேலை. தெளித்துவிட்டுக் கதவோரம் சும்மா நிற்கவேண்டும், ஓடக்கூடாது.

பிறகு பீரோ. இரும்புப் பட்டைக்கு நடுவே ஷீட்டின் மேல்விளிம்பைக் கடிக்க வைத்து, சட்டைக் கம்பியில் தொங்கவிடுவார். தட்டில் படுக்கவைத்தால் தட்டின் தழும்பு விழும், அடிப்பக்கம் ஒரு சூடு மேல்பக்கம் ஒரு சூடு. தொங்கினால் எல்லாப் பக்கமும் ஒரே காற்று. நூற்றைந்து டிகிரி தாண்டினால் அக்ரிலிக் விறைப்பை விடும். வளைக்கிற பதத்துக்கு 160 வரை போகவேண்டும். 8 மி.மீ. ஷீட் உள்ளே வரைக்கும் வேக அரை மணிக்கு மேலாகும். அவசரப்பட்டு ஹீட்டரைக் கூட்டினால் மேல்தோல் கொப்பளித்துவிடும், நடு வயிறு வேகாமலே நிற்கும். மாமா கதவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடிச் சன்னல் வைத்திருந்தார். அதில் முகத்தை வைத்துப் பார்ப்பதுதான் எனக்குச் சினிமா. விறைப்பாகத் தொங்கும் ஷீட்டின் கீழ்முனை மெதுவாக ஒரு பக்கம் நெளியும். அப்புறம் ஃபேன் காற்றுக்கு லேசாக ஆட ஆரம்பிக்கும். ஆடினால் பதம். வெளியே எடுத்தால் இட்டு முடித்த ஈர அப்பளம் போலக் கையில் துவளும்.

அங்கிருந்து இரண்டு நிமிஷம்கூட இல்லை. பேக்கரிக் கையுறை மாட்டிய மாமாவும் அம்மாவும் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து அச்சின்மேல் படுக்கவைப்பார்கள். அச்சுக்கு மேலே ஃபிளானல் துணி விரித்திருக்கும். துணி சுருங்கியிருந்தால் சுருக்கமும் ஷீட்டில் அச்சாகும். படுத்ததும் மேலே ஒரு கம்பளி. சூடான பொருளுக்கு எதற்குக் கம்பளி என்று நான் கேட்டபோது அம்மாவே சொன்னாள், மாமாவை முந்திக்கொண்டு: "மேல் பக்கம் சீக்கிரம் ஆறிட்டா உள்ளுக்குள்ள இழுத்துக்கும்." அறுபது டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை கம்பளியை எடுக்கக் கூடாது. பீரோ போன கோபம் அம்மாவுக்குக் கடைசிவரை ஆறவில்லை. ஆனாலும் மூலை பிடிக்க அம்மாவை விட்டால் ஆள் கிடையாது என்று மாமா ஊரெல்லாம் சொல்வார்.

சரியாக வராத துண்டை மாமா தூக்கியெறியமாட்டார். அதையே மறுபடி பீரோவில் மாட்டி, என்னைக் கூப்பிடுவார். "பாப்பா, வந்து பாரு." சன்னல் வழியே நான் பார்ப்பேன். வளைந்த துண்டு சூடு ஏற ஏறத் தானாக நிமிரும். யாரும் தொடாமல், கோணல் ஒவ்வொன்றாக விட்டு, தட்டையான ஷீட்டாகவே போய் நிற்கும். வார்த்தபோது எப்படி இருந்ததோ அந்த உருவம் அதற்குள்ளேயே இருக்கிறது, நாம் வளைத்தது மேலுக்குத்தான். "ஷீட்டு எத்தயும் மறக்காது" என்பது மாமாவின் பேச்சு. ஆறுவதற்குள் அவசரப்பட்டுக் கையை எடுத்தாலும், குளிர்ந்த ஷீட்டைப் பலவந்தமாக அமுக்கி ஸ்க்ரூ போட்டாலும் அதையும் அது மறக்காது என்பார். ஆறு மாசம் கழித்து ஒரு நாள் வளைவின் ஓரத்தில் மெல்லிய மயிரிழைக் கீறல்களாகக் காட்டிக்கொடுக்கும்.

மாமா மனசு வைத்துச் செய்த வேலை என்றால், வாயு லிங்கம் பக்கம் மூன்று சக்கரக் கை வண்டியில் கற்பூரமும் அகலும் விற்றவருக்குச் செய்த முன்கண்ணாடி. கார்த்திகை தீபம் வருவது மழைக் காலத்தில். 2668 அடி உச்சியில் கொப்பரை ஏற்றுகிற அன்றைக்கு மழை பெய்யாமலிருந்தால் அதிசயம். அந்த மனிதருக்கு நடக்க வராது. கை இரண்டும் வண்டியின் பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது குடை எங்கே பிடிப்பது? எதிர்க்காற்றில் மழை நேராக முகத்தில் அடிக்கும், மடியில் கற்பூரம் நனையும்.

மாமா அவரை வண்டியோடு கொட்டகைக்குள் வரச்சொல்லி நிமிர்ந்து உட்காரவைத்து அளவெடுத்தார். மார்புக்கும் கைப்பிடிக்கும் எவ்வளவு தூரம், முழங்கை எவ்வளவு வெளியே போகிறது, உட்கார்ந்தால் கண் எந்த உயரம், மூக்கு நுனி எந்த உயரம். அவர் கண்ணுயரத்துக்கு மேலே வரட்டும், முழுசாக மறைக்கட்டும் என்று கேட்டார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "துடைக்கிறதுக்கு வைப்பரா இருக்குது? மழைத்துளி வழியா ராத்திரி லைட்ட பாத்தா ரோடே தெரியாதுண்ணே. கண்ணாடிக்கு மேல பாக்கணும், கண்ணாடி வழியா பாக்கக் கூடாது." மூக்கு நுனி அளவோடு நிறுத்தி, மேல்விளிம்பை மட்டும் வெளிப்பக்கமாக லேசாக விரித்துவிட்டார். வண்டி நகரும்போது எதிர்க்காற்று அந்த விளிம்பில் ஏறித் தலைக்கு மேலே போய்விடும். பைக் முன்கண்ணாடி செய்கிறவர்களின் கணக்கு அது.

இரண்டு பக்கம் வளைவு என்பதால் தார் டின் உதவாது. செங்கல்லை அடுக்கி, மேலே செம்மண் பூசி, அதன்மேல் சிமெண்ட் பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். கண் ஏமாறும், கை ஏமாறாது என்று என் கையையும் பிடித்துத் தடவவைத்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடு கையில் தட்டியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த மேட்டைத் தேய்க்க ஒரு சாயங்காலம் போயிற்று.

வெந்து வந்த ஷீட்டை அச்சில் போட்டதும் நடுவில் படுத்துக்கொண்டது, இரண்டு மூலையும் தூக்கிக்கொண்டது. அம்மா ஒரு மூலையை இழுத்து அமுக்க, மாமா எதிர்மூலையை. "கைய எடுக்காதக்கா, எடுக்காத" என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்துக் கேஸ்காரர் வாசலில் பெல் அடித்தார். அம்மா வாயைத் திறக்கவில்லை, சிலிண்டர் அடுத்த வாரம்தான் வந்தது.

துளை போடுவதற்கும் ஒரு நாகரிகம் உண்டு. இரும்புக்குப் போடும் ட்ரில் பிட் அக்ரிலிக்கில் கடித்து இழுக்கும், துளை முடியும் நேரத்தில் பின்பக்கம் சில்லு தெறிக்கும். மாமா பிட்டின் வெட்டு முனையை உரசி மழுக்கிவைத்திருந்தார், வெட்டாமல் சுரண்டும்படி. துளை ஸ்க்ரூவை விடப் பெரிசாக இருக்கவேண்டும், நடுவே ரப்பர் வாஷர். வெயிலுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்கும் சாமான் இது. முப்பது டிகிரி ஏறி இறங்கினால் ஒரு மீட்டருக்கு இரண்டு மி.மீ. நீளும். எங்கள் ஊர்ச் சித்திரைக்கும் மார்கழிக்கும் நடுவே அது சாதாரணம். இறுக்கிப் பிடித்தால் துளையிலிருந்துதான் விரிசல் கிளம்பும்.

அந்த வருஷ தீபத்துக்கு அவர் நனையாமல் விற்றாரா என்றால், தோள் வரை நனைந்தார், கற்பூரம் நனையவில்லை. காசு கொடுக்க வந்தபோது மாமா ஷீட் விலை மட்டும் வாங்கிக்கொண்டார். அதற்கு அம்மாவிடம் வாங்கிய ஏச்சை இங்கே எழுதமுடியாது.

வேலையை எப்படிச் சோதிப்பது என்பதில்தான் மாமா மற்றவர்களிடமிருந்து வேறுபட்டார். முடித்த துண்டைக் கொட்டகைக்கு வெளியே எடுத்துப்போய், கைநீட்டத்தில் பிடித்து, அதன் வழியே தெருவின் கரண்ட் கம்பியைப் பார்ப்பார். துண்டை மெதுவாக மேலும் கீழும் அசைப்பார். தடிமன் ஒரே சீராக இருந்தால் கம்பி நேராகவே இருக்கும். எங்கேயாவது இழுபட்டு மெலிந்திருந்தால் கம்பி அந்த இடத்தில் ஒரு துள்ளு துள்ளும். அடுத்து மலை. எங்கள் ஊரிலிருந்து பார்க்கிற மலை டவுனில் தெரிகிற மலை இல்லை. டவுன்காரர்களுக்குத் தெரியாத மேடும் மடிப்பும் எங்களுக்குத் தெரியும். அந்த விளிம்பு மாமாவுக்கு மனப்பாடம். துண்டின் வழியே பார்க்கும்போது ஒரு பாறை இடம் மாறினால் கண்டுபிடித்துவிடுவார். விமானத்தின் முன்கண்ணாடியைக் கட்டம் போட்ட பலகைக்கு எதிரே வைத்துக் கோடு வளைகிறதா என்று பார்ப்பார்கள் என்று பிற்பாடு படித்தேன். மாமாவுக்குக் கட்டம் மலைதான்.

2008-லிருந்து நாலைந்து வருஷம் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். மின்வெட்டு. சென்னையில் இருந்தவர்களுக்கு அதன் முழு ருசி தெரியாது. 2012-இல் எங்கள் பக்கம் ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் கிடையாது. எப்போது வரும், எப்போது போகும் என்பதற்கும் கணக்கில்லை. பீரோ இழுப்பது நாலாயிரம் வாட். 140 டிகிரிக்கு ஏறி, ஷீட் நெளிய ஆரம்பிக்கிற நேரத்தில் ஃபேன் நின்றுபோகும். பாதி வெந்ததை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. ஜெனரேட்டர் வைக்கிற வசதியும் இல்லை. மாமா விடியற்காலை மூன்று மணி வேலைக்கு மாறினார். அதில் இன்னொரு லாபமும் இருந்தது. மலைக்கு மேற்கே இருக்கிற எங்களுக்கு வெயில் தாமதமாகத்தான் வரும், அதுவரை காற்றும் அசையாது. பீரோ ஓடும்போது பக்கத்து வீட்டு பல்பு மங்கும் என்பதால் அவர்கள் தூங்குகிற நேரம் என்பது மூன்றாவது லாபம்.

கிரிவலப் பாதையை ஒட்டி வெளிநாட்டுக்காரர்கள் வீடு கட்டத் தொடங்கிப் பல வருஷமாகிறது. அவர்களில் ஒரு ஜெர்மன் அம்மா, வட்டமாக ஓர் அறை கட்டிவிட்டு, கூரை நடுவே வெளிச்சத்துக்கு ஒரு கவிகை வேண்டும் என்று வந்தார். மூன்றரை அடி விட்டம். மாமா பீரோவைக் காட்டினார். பீரோ மூன்றடி அகலம், அதில் மாட்டுகிற ஷீட் இரண்டே முக்கால் அடியைத் தாண்டாது, பிடிக்கிற விளிம்பு போக இரண்டடிக் கவிகைதான் வரும். அந்த அம்மா பீரோவைச் சுற்றி வந்து பார்த்தார், சிரித்தார். வீட்டுக்குப் போய்க் கூரைத் துவாரத்தை இரண்டடியாகக் குறைக்கச் சொல்லிக் கொத்தனாரை அனுப்பினார். எங்கள் அம்மாவின் சீர் பீரோ ஒரு வெளிநாட்டு வீட்டின் கூரைக்கு அளவு சொன்னது இப்படி.

கவிகைக்கு அச்சு கிடையாது, ஊதவேண்டும். அடியில் கனமான பிளைவுட் பலகை, நடுவில் காற்றுக்கு ஒரு துளை. மேலே பிளைவுட் வளையம். இரண்டுக்கும் நடுவே வெந்த ஷீட்டை வைத்துச் சுற்றிலும் கிளாம்ப் போட்டு இறுக்கி, பஞ்சர் கடைக் கம்ப்ரஸரின் குழாயைத் திறந்தால் ஷீட் நடுவில் எழும்பும். எதன்மேலும் படாமல் காற்றில் உருவாவதால் அதன் தெளிவுக்கு ஈடே இல்லை. போர் விமானங்களில் விமானியின் தலைக்கு மேலே இருக்கிற கூண்டை இந்த வழியில்தான் ஊதினார்கள். ஆனால் எவ்வளவு ஊதலாம் என்பதற்கு எல்லை உண்டு. அரை உருண்டை வரை போனால் பரப்பு இரண்டு மடங்கு, தடிமன் சராசரியாகப் பாதி, உச்சியில் அதைவிடக் குறைவு. மாமா மேலே குறுக்காக ஒரு வேப்பங்குச்சியைக் கட்டினார். ஷீட் குச்சியைத் தொடும் முன் காற்றை நிறுத்தவேண்டும்.

மாசம் ஆடி என்பதை யாரும் யோசிக்கவில்லை. வாசலில் வைத்து ஊதியபோது மேற்கிலிருந்து ஒரு காற்று வந்தது. அந்தப் பக்கம் ஆறி விறைத்துக்கொள்ள, மறுபக்கம் மட்டும் எழும்பி, கவிகை கழுத்தைச் சாய்த்துக்கொண்டது. வேடிக்கை பார்க்க வந்திருந்த தெரு முழுக்கச் சிரித்தது. மாமா அதைப் பீரோவில் தொங்கவிட்டு நிமிர்த்தி, மறுநாள் விடியற்காலையில் கொட்டகைக் கதவைச் சாத்தி ஊதினார். குழாயின் திருகில் மாமாவின் கை, குச்சியில் கண். எழும்புகிறபோது சத்தமே இல்லை. கொட்டகையின் குண்டு பல்பு அதன் உச்சியில் ஒரு புள்ளியாகத் தெரிந்து, எழும்ப எழும்பச் சின்னதாகிக்கொண்டே போயிற்று. மியூனிக் ஒலிம்பிக் மைதானத்தின் கூரையே இந்தப் பொருளில் செய்ததுதான், 1972-இல், என்று அந்த அம்மா மாமாவிடம் சொன்னாராம். அவர்கள் பீரோ எவ்வளவு பெரிசோ என்று மாமா கேட்டாராம்.

அக்ரிலிக் எதற்கு ஆகாது என்பதிலும் மாமா கறார். பாதையோரம் விளக்குப் போடுகிற இடத்துக்குக் காற்றுத் தடுப்பாக ஒரு வளைவு செய்து கேட்டார்கள், நல்ல காசு. முடியாது என்று அனுப்பிவிட்டார். பற்றினால் சொட்டுச் சொட்டாக உருகி எரியும் பொருள் இது, நெய் விளக்குக்குப் பக்கத்தில் வைக்கக் கண்ணாடிதான் சரி. ஒரு துண்டைக் கொளுத்தி அவர்களுக்கே காட்டினார். புகைகூட அதிகம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

பாலிகார்பனேட் வந்த கதை தனி. சுத்தியலால் அடித்தாலும் உடையாத ஷீட். ஒரு வாடிக்கையாளர் அதில்தான் வேண்டும் என்று அவரே வாங்கிவந்து கொடுத்தார், அடைமழைக் காலத்தில். பீரோவில் மாட்டினால், ஷீட் முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழி. மாமா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். காற்றிலிருக்கிற ஈரத்தை அந்த ஷீட் குடித்துவைத்திருக்கும். 180 டிகிரிக்குப் போகிறபோது உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் குமிழியாகும். அதற்கு மருந்து 120-இல் பல மணி நேரம் உலர்த்திவிட்டு, அந்தச் சூட்டோடேயே மேலே ஏற்றுவது. மின்வெட்டுக் காலத்தில் பல மணி நேரத்துக்கு எங்கே போவது? ஒரு ராத்திரி முழுக்கக் கரண்ட் நிற்காமல் இருந்த அபூர்வத்தில் அது முடிந்தது.

வாங்கிப்போக வந்தவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், வெயில் கூச்சத்துக்குப் போடுகிற போலராய்டு வகை. சாயங்காலம். துண்டை வடக்குப் பக்க வானத்துக்கு எதிரே பிடித்தவர், "இன்னா இது, வானவில் விட்டிருக்கீங்க?" என்றார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் கண்ணாடியை மாமா வாங்கிப் போட்டுப் பார்த்தார். அப்புறம் எனக்குக் கொடுத்தார். வளைவு திரும்புகிற இடத்தில் ஊதாவும் பச்சையும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக, துளைகளைச் சுற்றி நெருக்கமான வளையங்கள். ஆறும்போது உள்ளே சிக்கிக்கொண்ட இழுவை அது. ஒளி அந்த இடங்களில் இரண்டு வேகத்தில் போகிறது. நீல வானத்தின் ஒளி ஓரளவு ஒரே தளத்தில் அதிர்வது என்பதால், எதிரே ஒரு போலராய்டை வைத்தால் இழுவை நிறமாகத் தெரிகிறது. எஞ்சினீயரிங் காலேஜில் இதற்கென்று கருவி வைத்திருக்கிறார்கள். மாமா இதையெல்லாம் கேட்கிற மனநிலையில் இல்லை. இத்தனை வருஷமாகத் தான் சொல்லிவந்ததைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார். வீட்டிலிருந்த ஒவ்வொரு துண்டாக எடுத்துவரச் சொல்லி வானத்துக்குக் காட்டினார். அக்ரிலிக்கில் நிறம் மங்கல், பாலிகார்பனேட்டில் திருவிழா. வந்தவர் கடைசியில் கண்ணாடியைக் கேட்டு வாங்கவேண்டியதாயிற்று. அடுத்த வாரம் டவுனில் அதே மாதிரி ஒன்று வாங்கினார் மாமா. வெயிலுக்கு அதைப் போட்டு நான் பார்த்ததில்லை.

பாட்டிக்குக் கண்புரை முற்றியபோது, முகாமில் பார்த்துப் புதுச்சேரிக்கு பஸ்ஸில் அழைத்துப்போய் ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்து அனுப்பினார்கள். துணைக்குப் போன மாமா, அந்த லென்ஸ் எதில் செய்தது என்று அங்கே விசாரித்திருக்கிறார். நம்ம ஷீட்டேதான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கூண்டின் அக்ரிலிக் சில்லு தெறித்துப் போய்த் தங்கியது. சாதாரணக் கண்ணாடிச் சில்லு போல அது கண்ணைப் புண்ணாக்கவில்லை. அதைக் கவனித்த ஹெரால்டு ரிட்லி என்ற டாக்டர் 1949-இல் லண்டனில் அந்தப் பொருளிலேயே லென்ஸ் செய்து வைத்தார். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992-லிருந்து இந்த லென்ஸை ஏழைகளுக்கும் எட்டுகிற விலையில் செய்கிறது. கட்டுப் பிரித்த பாட்டி, ஊர் திரும்பியதும் மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். மாமா பக்கத்தில் நின்று, "பாறைங்க இடத்துல இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

2020-இல் கிரிவலத்துக்குத் தடை வந்தது. பௌர்ணமி நிலவில் எங்கள் தெரு காலியாகக் கிடந்ததை அப்போதுதான் பார்த்தேன். கவுண்டர் வேலை நின்றது, மேஜைத் தடுப்பு வேலை வந்தது. மெடிக்கல் ஷாப், டிக்கெட் கவுண்டர், எங்கே பார்த்தாலும் அக்ரிலிக். அதற்குப் பீரோ வேண்டாம். சூடேறிய நைக்ரோம் கம்பிக்கு மேலே ஒரு கோட்டில் காட்டி மடக்கினால் போதும். அந்தக் கோட்டில்தான் இழுவை முழுக்க நிற்கும், ஸ்பிரிட் பட்டால் அங்கே விரிசல் ஓடும். சோப்புத் தண்ணீரில் மட்டும் துடையுங்கள் என்று ஒவ்வொரு தடுப்பிலும் மாமா சீட்டு ஒட்டிக் கொடுத்தார். சீட்டின்மேலேயே சானிடைசர் அடித்தார்கள். சில மாசத்தில் மடிப்பெல்லாம் மயிரிழை மயிரிழையாகக் கீறி வெளுத்துப்போய்த் திரும்பி வந்தன.

அதற்கு முந்தைய வருஷம் சென்னை ஈ.சி.ஆரில் வி.ஜி.பி. மரைன் கிங்டம் திறந்ததும், என் பிள்ளைகளோடு மாமாவையும் கூட்டிப்போனேன். தலைக்கு மேலே வளைந்த அக்ரிலிக் சுரங்கம், அதற்கு மேலே தண்ணீர். பிள்ளைகள் திருக்கை மீனைப் பார்த்துக் கத்தினார்கள். மாமா மீன் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. இரண்டு துண்டு சேர்கிற இணைப்பைத் தேடி விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

போன வருஷம் மாமாவுக்கே கண்புரை. மலை விளிம்பு இரண்டாகத் தெரிகிறது என்று சொன்னபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. டாக்டர் சின்னப் பெண், பொறுமையாக விளக்கினார். மாமா கேள்வி கேட்டார்: லென்ஸ் வார்த்ததா, கடைந்ததா, எத்தனை எம்.எம்., செய்து முடித்துச் சூடு காட்டி ஆறவைத்தார்களா? டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பீரோ கதையைச் சொன்னேன்.

"ஐயா, உங்க அம்மாவுக்கு வெச்சது விறைப்பான லென்ஸ். அதை உள்ள வைக்க ஆறு எம்.எம். அளவுக்குத் திறக்கணும். இப்ப வைக்கிறதும் அக்ரிலிக்தான், ஆனா மிருதுவானது. சுருட்டி ஒரு சின்னக் குழல்ல வெச்சு, ரெண்டு மூணு எம்.எம். துவாரம் வழியா உள்ள தள்ளுவோம். உள்ள போய்த் தானா விரிஞ்சுக்கும்."

"சூடு பண்ணாமலா?"

"சூடே வேணாம், இந்த ரூம்ல இருக்கிற சூடு போதும்."

மாமா என் பக்கம் திரும்பினார். "பாத்தியா பாப்பா. கரண்டே வேணாமாம். அந்தப் பீரோவ உங்கம்மாகிட்ட திருப்பிக் குடுத்துடலாம்."

விஷயத்தை அம்மாவுக்கு ஃபோனில் சொன்னேன். சட்டைக் கம்பி இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.